கை நடுக்கமும் ஏறி இறங்கும் தெம்பும்: பேக்கேஜ் டெஸ்ட்டுக்கு முன் மாத்திரைப் பையைத் திறங்கள்

கேள்வி: எனக்கு வயது 39. கோபிசெட்டிபாளையம் பக்கம் பள்ளி ஆசிரியை. எட்டு மாதமாகக் காலை பதினொரு மணி வாக்கில் இரண்டு கையும் நடுங்குகிறது, போர்டில் எழுத்து கோணுகிறது, கூடவே படபடப்பு. சில நாள் ராத்திரி வரை ஓடியாடி வேலை செய்கிறேன். சில நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எழுந்திருக்கவே முடியவில்லை. நான்கு வருடமாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். 75 மைக்ரோகிராம் சாப்பிட்டபோது டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு ஹார்மோன் மிகுந்தால் இது இறங்கும், குறைந்தால் ஏறும்) 0.1 வந்தது, 50 ஆகக் குறைத்தார்கள். அடுத்து 8 வந்தது, 100 ஆக ஏற்றினார்கள். போன மாதம் வேறு லேப்பில் 0.2. வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துப் போனவர்கள் வெறும் வயிற்றுச் சர்க்கரை 61 என்று கொடுத்தார்கள். ஒரு வருடமாக முடி கொட்டுவதற்கு மாத்திரை சாப்பிடுகிறேன். வீசிங் வந்தால் இன்ஹேலர். டாக்டர் ‘டென்ஷன்’ என்கிறார், அம்மா பார்க்கின்சன் நோயோ என்று அழுகிறார். 4,999 ரூபாய்க்கு 92 டெஸ்ட் எடுத்தால் காரணம் தெரிந்துவிடும் என்கிறார் லேப்காரர். எடுக்கட்டுமா?

பதில்: எடுக்காதீர்கள். உங்கள் கடிதத்திலேயே காரணத்துக்கான தடயங்கள் பாதிக்கு மேல் இருக்கின்றன. 92 டெஸ்ட் எடுத்தால் அவை புதைந்துபோகும்.

அம்மாவின் பயத்தை முதலில் தீர்த்துவிடுவோம். பார்க்கின்சன் நடுக்கம் பெரும்பாலும் ஒரு பக்கக் கையில் ஆரம்பிக்கும். கை சும்மா மடியில் கிடக்கும்போது ஆடும், எதையாவது எடுக்கப் போனால் அடங்கும். கூடவே நடை மெதுவாகும், கையெழுத்து பொடிப்பொடியாகச் சுருங்கும். உங்களுக்கு இரண்டு கையும் சேர்ந்து நடுங்குகிறது, அதுவும் எழுதும்போது, குறிப்பிட்ட நேரத்தில், படபடப்போடு. இது உடலுக்குள் ஏதோ ஒன்று முடுக்கிவிடுகிற நடுக்கத்தின் லட்சணம். தைராய்டு ஹார்மோன் மிகுதி, சர்க்கரை இறக்கம், காபி, மருந்து, பதற்றம் எல்லாமே இதே மாதிரிதான் காட்டும். வீட்டிலேயே பார்க்கலாம்: இரண்டு கையையும் முன்னால் நீட்டி, விரல்களை விரித்து, புறங்கை மேல் ஒரு வெள்ளைத் தாளை வைக்கச் சொல்லுங்கள். தாளின் ஓரம் சிறு சிறு அதிர்வாகத் துடித்தால் அது இந்த வகை. நடுக்கம் இருக்கும்போது ஒரு நிமிடம், இல்லாதபோது ஒரு நிமிடம் நாடித்துடிப்பை எண்ணி எழுதுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே 100-ஐ அடிக்கடி தாண்டினால் மருத்துவரிடம் அதை முதல் வரியாகச் சொல்லுங்கள்.

இப்போது பேக்கேஜ். ரிப்போர்ட்டில் அச்சிடப்படும் ‘நார்மல்’ எல்லை எப்படி வருகிறது? நல்ல ஆரோக்கியமானவர்களை அளந்து, அவர்களில் 95 சதவீதம் பேர் அடங்கும்படி கோடு போடுகிறார்கள். மீதி 5 சதவீதம் பேர் நோய் இல்லாமலே கோட்டுக்கு வெளியே நிற்பார்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனைகள் செய்தால், எந்தக் குறையும் இல்லாதவருக்குக்கூட ஒன்றாவது சிவப்பு எழுத்தில் வருவதற்கு 64 சதவீத வாய்ப்பு. 92 என்றால் கேட்கவே வேண்டாம். அந்தச் சிவப்பு எழுத்தைக் காட்டி அடுத்த ஸ்கேன், அதைக் காட்டி அடுத்த ‘ஸ்பெஷலிஸ்ட்’. இப்படித்தான் ஒரு கை நடுக்கத்துக்கு இருபதாயிரம் செலவழித்தவர்கள் கடைசியில் நடுக்கத்தோடே வீடு திரும்புகிறார்கள். அனுப்பியவருக்குக் கமிஷன் போகிறது. பரிந்துரைக்குக் கமிஷன் வாங்கக் கூடாது என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நெறிமுறை விதிகளில் தெளிவாக எழுதியிருக்கிறது. எழுதியபடி நடந்திருந்தால் தெருவுக்கு ஒரு கலெக்‌ஷன் சென்டர் முளைத்திருக்காது.

அந்த 61-ஐயும் இதே இடத்தில் பேச வேண்டும். குழாயில் எடுத்த ரத்தத்தில் செல்கள் உயிரோடு இருக்கின்றன, அவை சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். தடுப்பு ரசாயனம் இல்லாத குழாயில், அறை வெப்பத்தில், மணிக்கு சுமார் 5 முதல் 7 சதவீதம் சர்க்கரை குறையும். நம் ஊர் வெயிலில் பைக் பெட்டிக்குள் இன்னும் வேகமாகவே குறையும். காலை ஆறரைக்கு எடுத்த ரத்தம் பத்து வீடு சுற்றிப் பதினொரு மணிக்கு மெஷினுக்குப் போனால், 80 இருந்தது 61 ஆவதில் வியப்பில்லை. சர்க்கரைக்கென்று ஃப்ளோரைடு போட்ட குழாய் உண்டு, வழக்கமாகச் சாம்பல் நிற மூடி. அதிலும் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் கொஞ்சம் குறையத்தான் செய்யும், ஆனாலும் நாலு மணி நேர அலைச்சலைத் தாங்கும். அடுத்த முறை ரத்தம் எடுப்பவரிடம் கேளுங்கள்: சர்க்கரைக்குச் சாம்பல் மூடிக் குழாய் எங்கே, எத்தனை மணிக்கு லேப் போய்ச் சேரும்? பதில் சொல்லத் தெரியாதவரிடம் கையை நீட்டாதீர்கள்.

உங்கள் நடுக்கத்துக்குச் சர்க்கரை காரணமா என்று தெரிந்துகொள்ள ஒரே நம்பகமான வழி, நடுங்கும் அந்த நேரத்திலேயே அளப்பது. சக ஆசிரியரிடம் குளுக்கோமீட்டர் இருந்தால் இரவல் வாங்குங்கள், ஊசியும் ஸ்ட்ரிப்பும் மட்டும் புதிதாக. கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்த வேண்டும், பழம் உரித்த விரலென்றால் பொய்யாக ஏற்றிக் காட்டும். 70-க்கு மேல் இருந்தால் அன்றைய நடுக்கத்துக்குச் சர்க்கரை காரணம் இல்லை. 55-க்குக் கீழே இருந்து, சர்க்கரை சாப்பிட்டதும் கால் மணி நேரத்தில் நடுக்கம் நின்றால், அது நிஜமான இறக்கம். காரணம் தேட மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். நடுவில் இருந்தால் இன்னும் இரண்டு மூன்று முறை அளந்து எழுதுங்கள். தலை சுற்றி, பேச்சு குழறினால் மட்டும் அளப்பதற்குக் காத்திருக்காமல் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிடுங்கள். ஐந்து மணி நேரம் குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்துக் குத்துகிற பழைய டெஸ்ட்டை யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அதில் நலமாக இருப்பவர்களுக்கே எண் இறங்கும். கையில் ஒட்டிச் சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கிற சென்சாரும் உங்களுக்கு இப்போது தேவையில்லை. அந்தப் பக்கம் கையை அழுத்திப் படுத்தாலே ராத்திரியில் பொய்யாகக் குறைத்துக் காட்டி, இன்னொரு பயத்தைக் கிளப்பும்.

அடுத்தது, நான் முதலில் சந்தேகப்படுகிற இடம்: முடிக்கான மாத்திரை. அட்டையின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். பயோட்டின், வைட்டமின் பி7, வைட்டமின் எச், மூன்றும் ஒன்றுதான். நமக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 30 மைக்ரோகிராம். முடி மாத்திரைகளில் 5,000, 10,000 மைக்ரோகிராம் என்று போடுகிறார்கள், அதாவது நூற்றைம்பது மடங்குக்கு மேல், சிலவற்றில் முந்நூறு மடங்குக்கும் மேல். இது உடம்பைப் பெரிதாகக் கெடுப்பதில்லை. ரத்தப் பரிசோதனையைக் கெடுக்கிறது. பல லேப் மெஷின்கள் ஹார்மோனைப் பிடித்து நிறுத்த பயோட்டினின் ஒட்டும் குணத்தையே பயன்படுத்துகின்றன. உங்கள் ரத்தத்திலேயே பயோட்டின் நிரம்பி வழிந்தால், அது ஒட்டும் இடங்களை முன்கூட்டியே அடைத்துக்கொள்ளும். விளைவு, டிஎஸ்எச் இருப்பதைவிடக் குறைவாகவும், ஃப்ரீ டி4 (ரத்தத்தில் கட்டுப்படாமல் ஓடும் தைராய்டு ஹார்மோன்) இருப்பதைவிட அதிகமாகவும் வரும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அப்படியே தைராய்டு மிகுதி போலத் தோன்றும். ஆள் நன்றாகத்தான் இருப்பார், ரிப்போர்ட்தான் பொய் சொல்லும். எல்லா மெஷினும் இந்த முறையில் இயங்குவதில்லை. அதனால்தான் ஒரே வாரத்தில் இரண்டு லேப்பில் இரண்டு விதமாக வரலாம். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017-லேயே இது பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. மாரடைப்புக்குப் பார்க்கும் ட்ரோபோனின் கூட இதனால் குறைத்துக் காட்டப்படலாம் என்றும் சொன்னது. இத்தனை வருடம் ஆகியும் ரத்தம் எடுக்க வருபவர் ‘சாப்பிட்டீங்களா’ என்று மட்டும்தான் கேட்கிறார். ‘முடிக்கு மாத்திரை சாப்பிடுறீங்களா’ என்று ஒருவரும் கேட்பதில்லை.

உங்கள் கணக்கை இப்போது திரும்பப் பாருங்கள். 75 சாப்பிட்டபோது வந்த 0.1 பொய்யாக இருந்திருக்கலாம். அதை நம்பி 50 ஆக்கியதால் ஹார்மோன் உண்மையிலேயே குறைந்து அசதி வந்திருக்கலாம். 8 வந்த சமயத்தில் முடி மாத்திரை தீர்ந்துபோயிருந்ததா, அல்லது அந்த லேப்பின் மெஷின் வேறு வகையா? யோசித்துப் பாருங்கள். இப்போது 100 சாப்பிடுகிறீர்கள். இந்த 0.2 பொய்யாகவும் இருக்கலாம், அல்லது மாத்திரை நிஜமாகவே அதிகமாகி அதனால்தான் நடுக்கமும் படபடப்பும் வந்திருக்கலாம். பயோட்டினை நிறுத்தாமல் இந்த வகை மெஷினில் எத்தனை டெஸ்ட் எடுத்தாலும், இந்த இரண்டில் எது என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டு நாள் நிறுத்தினால் போதும் என்பது பொது விதி. நீங்கள் மூன்று முழு நாள் நிறுத்துங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இன்னும் அதிக நாள் வேண்டும். சாதாரண மல்டிவைட்டமினில் இருக்கும் முப்பது, நாற்பது மைக்ரோகிராம் பிரச்சினை இல்லை. நான்காம் நாள் காலை, தைராய்டு மாத்திரையைப் போடுவதற்கு முன்பு, நேரில் லேப்புக்குப் போய் டிஎஸ்எச், ஃப்ரீ டி4 கொடுங்கள். மாத்திரை போட்டுவிட்டுக் கொடுத்தால் ஃப்ரீ டி4 சில மணி நேரம் ஏறிக் காட்டும். ரிப்போர்ட் வரும்வரை தைராய்டு டோஸில் நீங்களாகக் கை வைக்காதீர்கள்.

அன்றைய ரத்தத்திலேயே ரத்த அணுக்கள் முழு எண்ணிக்கை, ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), வெறும் வயிற்றுச் சர்க்கரை, கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கானது), சோடியம், பொட்டாசியம், கால்சியம், பி12 பார்த்துவிடுங்கள். இவ்வளவு போதும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகம் என்றால் ஹீமோகுளோபின் 12-க்கு மேல் இருந்தாலும் ஃபெரிட்டின் 30-க்குக் கீழே கிடக்கலாம், மதிய அசதிக்கு அதுவே போதும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபினும் சர்க்கரையும் காசில்லாமல் பார்ப்பார்கள். தைராய்டு பரிசோதனைக்குப் பெரிய அரசு மருத்துவமனை வரை அலைய வேண்டியிருக்கலாம் என்பதுதான் எரிச்சல். வீதிக்கு வீதி தைராய்டு நோயாளிகள் இருக்கும் மாநிலத்தில் இது தாலுகா அளவிலேயே எளிதாகக் கிடைக்க வேண்டிய ஒன்று.

தைராய்டு மாத்திரையை எப்படிப் போடுகிறீர்கள் என்று எழுதவில்லை. வெறும் வயிற்றில், தண்ணீரோடு, காபிக்கும் சாப்பாட்டுக்கும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பு. இரும்பு, கால்சியம் மாத்திரை என்றால் நான்கு மணி நேரம் தள்ளி. பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒருநாள் காபியோடு, ஒருநாள் தனியாக, ஒருநாள் மறந்துவிட்டு என்று போனால் எந்த டோஸும் நிலைக்காது. டோஸ் மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் டிஎஸ்எச் பார்க்க வேண்டும், அதற்குள் பார்த்து மறுபடி மாற்றுவது ஊஞ்சல் ஆட்டுவதுதான். ரிப்போர்ட்டின் பிடிஎஃப்பை வாட்ஸ்அப்பில் பார்த்து, ஆளைப் பார்க்காமலே டோஸ் மாற்றும் வழக்கம் ஒழிய வேண்டும்.

மிச்சமிருப்பவை காபியும் இன்ஹேலரும். டிபனைத் தட்டிக் கழித்துவிட்டு எட்டு மணிக்கும் பத்தரைக்கும் இரண்டு ஸ்ட்ராங் காபி குடித்தால் பதினொன்றுக்குக் கை நடுங்கும். சால்பியூட்டமால் இன்ஹேலர், அதைவிட அதிகமாக அதே மருந்தின் மாத்திரை, தியோஃபிலின் கலந்த வீசிங் மாத்திரை, மூக்கடைப்புக்கான சளி மாத்திரை, எல்லாமே நடுக்கம் தரும். தலைசுற்றலுக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சின்னாரிசின், ஃப்ளூனாரிசின், ப்ரோகுளோர்பெரசின் மாதக்கணக்கில் சாப்பிட்டால் பார்க்கின்சன் மாதிரியே நடுக்கத்தையும் இறுக்கத்தையும் கொண்டுவரும். இப்படி ஏதாவது சாப்பிட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். எடை குறைக்கும் பவுடர், ‘எனர்ஜி’ டீ விற்கும் தெரிந்தவர்களுக்கு முகதாட்சண்யம் பார்க்காதீர்கள். பலவற்றில் காஃபின் இருக்கிறது. உள்ளங்கையில் ஒரு கம்பியைப் பிடிக்கச் சொல்லி ஒரு நிமிடத்தில் முப்பது உறுப்புகளின் ரிப்போர்ட் தரும் ‘குவாண்டம்’ மெஷின் எதையும் அளப்பதில்லை. அது காட்டும் குறைகள் எல்லாம் அதே மேஜையில் விற்கும் டப்பாவுக்கான விளம்பரம்.

அடுத்த பத்து நாளுக்கு ஒரு நோட்டு போடுங்கள்: நேரம், நடுக்கமா அசதியா, அதற்கு முந்தைய நான்கு மணி நேரத்தில் சாப்பிட்டது குடித்தது, போட்ட மாத்திரை, நாடித்துடிப்பு, அளந்திருந்தால் சர்க்கரை, முந்தைய இரவு தூங்கிய மணி. இதில் ஐந்து நாள் காபியைக் காலை ஒரு வேளையோடு நிறுத்தி, டிபனில் முட்டை, சுண்டல், பருப்பு ஏதாவது சேர்த்துச் சாப்பிட்டுப் பாருங்கள். நோட்டு, எல்லா மாத்திரை அட்டைகள், மூன்று பழைய தைராய்டு ரிப்போர்ட்டுகள், இவற்றோடு ஒரே ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள். மூன்று பேரைப் பார்த்தால் மூன்று சீட்டுதான் மிஞ்சும். மயக்கம், நெஞ்சு வலி, ஒரு பக்கக் கை கால் பலவீனம், காய்ச்சலோடு குழப்பம், வேகமாக எடை குறைதல், கர்ப்பமாக இருக்கும் வாய்ப்பு, இவற்றில் ஏதேனும் இருந்தால் நோட்டையெல்லாம் விட்டுவிட்டு அன்றே போக வேண்டும்.

இன்னும் ஒன்று. நடுக்கம் என்றதும் பலர் எழுதிக் கொடுப்பது ப்ரொப்ரனலால், இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை. ‘டென்ஷன் மாத்திரை’ என்று மருந்துக்கடையில் தரும் கூட்டு மாத்திரைகள் சிலவற்றிலும் அது இருக்கிறது. வீசிங் உள்ளவருக்கு அது மூச்சுக்குழாயை இறுக்கிவிடும், இன்ஹேலர் வேலை செய்வதையும் தடுக்கும். கூட்டு மாத்திரையில் சேர்ந்து வரும் எடிசோலாம், அல்ப்ரசோலாம் போன்ற பதற்றம் தணிக்கும் மருந்துகளைச் சில வாரம் சாப்பிட்டுத் திடீரென நிறுத்தினாலோ, அதுவே புது நடுக்கத்தைக் கிளப்பும். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் ஒரேயடியாக நிறுத்தாமல் அட்டையோடு மருத்துவரிடம் போங்கள். உங்கள் சீட்டின் மேல் ஓரத்தில் ‘வீசிங் உண்டு’ என்று சிவப்பு மையில் எழுதித் தரச் சொல்லுங்கள்.