தீர்ப்பின் கடைசிப் பக்கத்தை முதலில் படிங்க

ஈரோட்டில் முப்பது வருடமாக சிவில் வழக்கு நடத்துகிறேன். கோயில், மசூதி, தர்கா இடத் தகராறு பற்றிக் கேட்டவர்களுக்கு இங்கே பதில்.

பொள்ளாச்சியிலிருந்து: வக்கீலண்ணா, கோயிலை இடித்துத்தான் பாபர் மசூதி கட்டினாங்கன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சாமே?

இல்லைங்க. 2019 நவம்பர் 9-ல் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னது வேறு. மசூதிக்கு அடியில் இஸ்லாமியக் கட்டடம் அல்லாத ஒரு பழைய கட்டுமானம் இருந்தது என்ற தொல்லியல் துறை அறிக்கையை ஏற்றார்கள். கோயிலை இடித்துத்தான் மசூதி எழுந்தது என்று அந்த அறிக்கை காட்டவில்லை என்றும் எழுதினார்கள். பூமிக்கடியில் என்ன கிடைத்தது என்பதை வைத்து நிலத்துக்கு உரிமை தர முடியாது. நிலம் யார் கைவசம் இருந்தது என்று சாட்சியத்தைத் தட்டிப் பார்த்துத்தான் முடிவுக்கு வந்தார்கள். 1949-ல் இரவோடு இரவாகச் சிலை வைத்ததும் 1992-ல் இடித்ததும் சட்டவிரோதம் என்று அதே தீர்ப்பில் இருக்கிறது. அதனால்தான் வக்ஃபு வாரியத்துக்கு 5 ஏக்கர் மாற்று நிலம். ஆயிரம் பக்கத்துக்கு மேல் உள்ள தீர்ப்பில் தனக்குப் பிடித்த ஒரு வரியை மட்டும் பிய்த்து ஃபார்வர்டு செய்கிறார்கள், இரண்டு தரப்பும்தான்.

குமாரபாளையத்திலிருந்து: 2010-ல் அயோத்தி நிலத்தை அலகாபாத் ஹைகோர்ட் மூணு பங்கா பிரிச்சதே நல்லாத்தானே இருந்துச்சு?

கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பாகப்பிரிவினை கேட்டு யாரும் தாவா போடவில்லையே! யாரும் கேட்காத நிவாரணம் என்று சுப்ரீம் கோர்ட் அதைத் தள்ளிவிட்டது.

சேலத்திலிருந்து: பெரியேரி தலைவெட்டி முனியப்பனுக்கு எங்க அப்பத்தா பொங்கல் வெச்சவங்க. திடீர்னு அது புத்தர்னா எப்படிங்க?

திடீரென்று இல்லை, தம்பி. 2011-ல் போட்ட வழக்கு. ஹைகோர்ட் சொல்லி மாநிலத் தொல்லியல் துறை நேரில் போய்ப் பார்த்தது. தாமரைப் பீடத்தில் அர்த்தபத்மாசனம், மடியில் தியான முத்திரையில் கைகள், சுருள் முடி, உச்சியில் கொண்டை போன்ற மேடு, தொங்கும் காது. துண்டாகிப்போன தலையை சிமெண்ட் வைத்து ஒட்டியிருந்தார்கள். முனியப்பன் என்றால் மீசையும் முறைத்த கண்ணும் கையில் அரிவாளுமாக அல்லவா உட்கார்ந்திருப்பார்? 2022 ஜூலையில் தீர்ப்பு: இது புத்தர், இடம் தொல்லியல் துறையிடம் போகட்டும், புத்தர் சிலை என்று பலகை வைக்கட்டும், மக்கள் வந்து பார்க்கலாம், பூஜை கூடாது.

ஆதாரத்தைப் பார்த்தால் தீர்ப்பு சரி என்றுதான் சொல்வேன். ஆனால் உங்கள் அப்பத்தா கும்பிட்டதைப் பொய் என்று அது எங்கேயும் சொல்லவில்லை. வீட்டில் அப்படிப் பேச விடாதீங்க.

கோவை உக்கடத்திலிருந்து: டிசம்பர் 6 வந்தா ஜங்ஷன்ல பையைத் திறந்து காட்டியே பழகிட்டோம் பாய். இனி எல்லா மசூதியிலும் தோண்டுவாங்களா?

98 குண்டுவெடிப்பைப் பார்த்த ஊர்க்காரர் பயப்படுவது புரிகிறது. 1991-ல் ஒரு சட்டம் வந்தது: 1947 ஆகஸ்ட் 15 அன்று ஓர் இடம் எந்த மத வழிபாட்டுத் தலமாக இருந்ததோ, அப்படியே இருக்க வேண்டும். அயோத்திக்கு மட்டும் பெயர் சொல்லி விலக்கு. பழமைச் சின்னங்களுக்கும் ஒரு விலக்கு உண்டு, நுழைய விடும் சந்து அங்கேதான். இந்தச் சட்டமே செல்லுமா என்று வழக்கு நிலுவையில் இருக்கையில், புது வழக்கைப் பதியாதே, சர்வே உத்தரவு போடாதே என்று 2024 டிசம்பர் 12-ல் சுப்ரீம் கோர்ட் எல்லாக் கோர்ட்டையும் நிறுத்தி வைத்தது.

கோபியிலிருந்து: எங்கூர்ல மாரியம்மன் கோயிலுக்கும் தர்காவுக்கும் நடுவுல வேலித் தகராறுங்க. வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்டிஓ) அமைதிக் கூட்டத்தில் கையெழுத்துப் போட்டாச்சு. போதுமா?

அந்தக் காகிதம் கோர்ட் தீர்ப்பு ஆகாது. மறுபடி அடிதடி என்றால் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 145-வது பிரிவு, இப்போதைய புதுச் சட்டத்தில் 164, அதில் நடவடிக்கை தொடங்கி, அதற்கு அடுத்த பிரிவில் இடத்தை ஜப்தி செய்யலாம். அயோத்தியும் 1949 டிசம்பரில் இதே 145-ல்தான் பூட்டப்பட்டது. முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டு, அங்கேயே ராஜி, அதாவது சமரசம், எழுதிப் பதிவு செய்தால்தான் நிற்கும்.

இப்படி ஒரு வழக்கில் கோர்ட் நியமித்த வக்கீல் கமிஷனரோடு அளக்கப் போயிருந்தேன். இரண்டு பக்கமும் நூறு பேர். சர்வேயர் டேப்பை இழுத்தால் எல்லை ஒரு வேப்பமரத்தின் நட்ட நடுவில் போகிறது. மஞ்சள் துணி ஒரு கிளையில், பச்சைத் துணி இன்னொன்றில். சண்டை போட்டதென்னவோ அதற்கு மூன்றடி தள்ளியிருந்த கம்பிவேலிக்கு!

எஃப்எம்பி எனும் நில அளவை வரைபட நகலும், யார் பெயரில் நிலம் என்று சொல்லும் ‘அ’ பதிவேடும் எடுத்துக்கொண்டு வாங்க. நோம்பித் திருவிழாவுக்கு முந்தின நாள் வந்து ஸ்டே கேட்காதீங்க.