பிர்ச் மரத்தடியில் பன்னிரண்டு மாதமும்

கேள்வி: வெள்ளைப் பட்டை கொண்ட ஐந்து பிர்ச் மரங்கள் நட்டு ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இலையுதிர் காலத்தில் இரண்டு வாரம் பொன்னாக மின்னுகின்றன. மற்ற நாளெல்லாம் அடியில் வெறும் மண். புல்லும் பிடிக்கவில்லை. ஆண்டு முழுவதும் அழகாக இருக்க என்ன நடலாம்? தொங்கும் பட்டையை உரித்துவிடலாமா?

பதில்: முதலில் பட்டையிலிருந்து கையை எடுங்கள்! தானாகக் கழன்று விழுவது விழட்டும். ஒட்டியிருப்பதைப் பிடித்து இழுத்தால் உயிருள்ள அடிப்பட்டை காயப்பட்டுக் கறுத்த வடு விழும். பாசி படிந்தால் வெறும் தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். வடக்கே சுவடி எழுதிய பூர்ஜபத்திரம் இமயமலைப் பிர்ச்சின் பட்டைதான். பனையோலைக்கு அங்கே அதுதான் மாற்று.

பிர்ச் தோட்டத்தைக் குளிர்காலத்திலிருந்துதான் திட்டமிட வேண்டும். பூவிலிருந்து தொடங்குகிறவர்கள் கடைசியில் வெறும் மண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வெள்ளைத் தண்டு எடுப்பாகத் தெரியப் பின்னால் கரும்பச்சை வேண்டும்: யூ அல்லது ஹாலி போன்ற, குளிரிலும் இலை உதிராத மரங்கள். வெயில் படும் ஓரத்தில் செந்தண்டு டாக்வுட் புதர் வையுங்கள். இளங்கிளைகளில்தான் அந்தச் சிவப்பு. ஆகவே வேரூன்றிய பிறகு, குளிர்காலம் முடியும்போது தயங்காமல் அடியோடு ஒட்ட வெட்டுங்கள்.

புல்லை மறந்துவிடுங்கள். பிர்ச்சின் வேர்கள் மேலாகப் படர்ந்து ஈரத்தையெல்லாம் குடித்துவிடும். மண்வெட்டியால் கொத்தாமல், வேர்களுக்கு இடையே கைக்கரண்டியால் சிறு குழி பறித்துச் சிறு செடிகளாக நடுங்கள். மரம் துளிர்க்கும் முன் வெயில் தரைவரை இறங்கும்; நிழல் அடர்வதற்குள் பூத்து முடிப்பவைதாம் நமக்கு வேண்டியவை. முதலில் ஸ்னோடிராப், பிறகு காட்டு அனிமோன், புளூபெல். உலர்ந்த ஸ்னோடிராப் கிழங்குகள் பாதி முளைக்காமலே போய்விடும். பூ முடிந்த கையோடு, பச்சை இலையுடன் பிடுங்கிய கொத்துகளை வாங்கி நடுங்கள். கோடைக்குப் பெரணியும், நிழலில் தரையை மூடி வளரும் எப்பிமீடியமும். இலையுதிர் காலத்துக்கு ஐவி இலைச் சைக்ளமன்: பூ முந்திக்கொண்டு வரும், வெள்ளிக்கோலம் போட்ட இலைகள் பிறகு வந்து குளிர்காலம் முழுக்க நிற்கும். புதுச் செடிகளுக்கு முதல் இரண்டு கோடையும் தண்ணீர் தவறக் கூடாது.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். வசந்தம் தொடங்கும் நேரத்தில் கிளை வெட்டாதீர்கள். நான் ஒருமுறை கட்டைவிரல் பருமனில் ஒரே ஒரு கிளையை வெட்டினேன். வெட்டுவாயிலிருந்து நாள் கணக்கில் சாறு சொட்டி, கீழே இருந்த பெஞ்சு முழுவதும் பிசுபிசுத்தது. இப்போதெல்லாம் கோடையின் கடைசியில், இலை இருக்கும்போதே வெட்டிவிடுகிறேன்.