மகளை எந்த மீடியத்தில் சேர்ப்பது? ஓர் அம்மாவுக்கு எழுதிய பதில்

வணக்கம் அம்மா,

நீங்கள் கேட்டிருப்பது ஒரே கேள்விதான், ஆனால் அதை நாலு விதமாகக் கேட்டிருக்கிறீர்கள். நான்கரை வயது மகளைத் தாய்மொழி வழிப் பள்ளியில் சேர்க்கலாமா? சேர்த்தால் நாளைக்கு இன்டர்வியூவில் வாயடைத்து நிற்பாளா? இந்த வயதை விட்டால் ஆங்கிலம் வராமலே போய்விடுமா? சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள்? கடைசிக் கேள்விக்கு என்னிடம் மருந்து இல்லை. மற்ற மூன்றையும் பேசலாம்.

என் வேலை பள்ளிக்கூடத்தின் மறுமுனையில். பதினேழு, பதினெட்டு வயதில் 'அடுத்து என்ன படிக்கலாம்' என்று வருகிற பிள்ளைகளைத்தான் தினமும் பார்க்கிறேன். ஆங்கிலம் பேசத் தயங்குகிற பிள்ளை வந்தால் நான் கவலைப்படுவதில்லை. விஷயம் தெரிந்த பிள்ளையாக இருந்தால், ஒரு வருடம் விடாமல் முயன்றாலே பேச்சு வந்துவிடுகிறது. எனக்குக் கை ஒடிவது வேறொரு வகைப் பிள்ளைகளிடம். பேச்சு தடங்கலின்றி ஓடும். ஒரு பக்கம் படிக்கக் கொடுத்து, 'இதை உன் வார்த்தையில் சொல்லு' என்றால் படித்த வரியையே திருப்பி ஒப்பிப்பார்கள். 'சரி, தமிழிலேயே சொல்லேன்' என்றாலும் வராது. இரண்டு மொழியிலும் பேச்சு இருக்கிறது, படித்ததைப் புரிந்துகொண்டு யோசிக்க ஒரு மொழியும் கைகொடுக்கவில்லை. பதினேழு வயதில் இதைச் சரிசெய்வது பெரும்பாடு. இது தொடங்குகிற இடம் பெரும்பாலும் ஒன்றாம், இரண்டாம் வகுப்பு.

ஒரு கணக்கைப் பாருங்கள். உன்னிடம் 12 பாசிமணி இருக்கிறது, தங்கையிடம் 7. அவளைவிட உன்னிடம் எத்தனை அதிகம்? 'அவளைவிட' என்ற சொல்லைக் குழந்தைக்கு யாரும் கற்பிக்கவே வேண்டாம். 'அவளைவிட எனக்குக் கம்மி' என்று மூன்று வயதிலிருந்து சண்டை போட்டுப் பழகியிருக்கும். கழித்தல் மட்டும்தான் புதுசு. இதே கணக்கை ஆங்கிலத்தில் கேட்டால், 'மோர் தேன்' என்பதில் 'மோர்' மட்டும்தான் காதில் விழும். 'மோர்' என்றால் கூட்டல் என்று மனப்பாடமாகியிருக்கும். 19 என்று எழுதும். ஆசிரியர் தப்பு போடுவார், வீட்டில் 'கணக்கு வரல' என்று முடிவு கட்டுவோம். கணக்கு அந்தக் குழந்தைக்கு நன்றாகவே வருகிறது.

இதைச் சொல்லும் நான் யோக்கியன் இல்லை. என் பையன் யுகேஜி படித்தபோது வாரத்தின் ஏழு நாளையும் ஆங்கிலத்தில் மூச்சுவிடாமல் சொல்வான். வந்தவர்களிடமெல்லாம் சொல்லச் சொல்லிப் பெருமைப்பட்டேன். ஒருநாள் 'நேத்து என்ன கிழமைடா' என்று கேட்டேன். முழித்தான். ஏழு பெயரும் தெரியும், நேற்று, இன்று, நாளை என்று அவை ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன என்பது தெரியவில்லை. அது அவனுக்கு ஒரு பாட்டு, அவ்வளவுதான்.

கனடாவில் ஜிம் கம்மின்ஸ் என்ற ஆய்வாளர் 1979-ல் பேச்சுமொழியையும் பாடமொழியையும் பிரித்துக் காட்டினார். புதிதாகக் குடியேறிய குழந்தைகள் விளையாட, வம்பளக்கப் போதுமான ஆங்கிலத்தை இரண்டு வருடத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். பாடப் புத்தகத்தோடு மல்லுக்கட்டுகிற ஆங்கிலத்தில் மற்றப் பிள்ளைகளை எட்டிப்பிடிக்க 5 முதல் 7 வருடம் ஆகிறது. சுற்றிலும் ஆங்கிலமே ஒலிக்கிற இடத்திலேயே இந்தக் கணக்கு. வகுப்பறைக்கு வெளியே ஆங்கிலமே காதில் விழாத குழந்தைக்கு எவ்வளவு ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அதுவரை அறிவியலும் கணக்கும் பனிமூட்டத்துக்குள் நடக்கும்.

'எழுத்துக் கூட்டிப் படிக்கவாவது சீக்கிரம் ஆரம்பிக்கட்டுமே' என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழில் எழுத்துகள் பிடிபட்டுவிட்டால், பார்த்தே இராத சொல்லையும் குழந்தை வாய்விட்டுப் படித்துவிடும். ஆங்கிலத்தில் அந்தச் சலுகை கிடையாது. 'புட்' ஒரு மாதிரி, 'பட்' இன்னொரு மாதிரி, எழுத்து அதே 'யு'. 13 ஐரோப்பிய மொழிகளை ஒப்பிட்டு 2003-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், முதல் வருட முடிவில் பெரும்பாலான மொழிக் குழந்தைகள் பழகிய சொற்களை அநேகமாகப் பிழையில்லாமல் படித்தார்கள். ஸ்காட்லாந்துக் குழந்தைகள் சரியாகப் படித்தது நூற்றுக்கு 34 சொற்கள். ஆங்கிலமே வீட்டு மொழியான பிள்ளைகளின் நிலைமை இது. படிப்பது என்றால் என்ன என்பதை இலகுவான எழுத்தில் ஒருமுறை பழகிவிட்டால், அடுத்த மொழிக்கு அதை மறுபடி பழக வேண்டாம். புது எழுத்துகளைத்தான் பழக வேண்டும்.

இனி, 'இந்த வயதை விட்டால்' என்ற பயம். உச்சரிப்பில் அதற்கு ஓரளவு நியாயம் உண்டு. மற்றபடி, வாரத்துக்குச் சில மணி நேரம் வகுப்பில் மட்டும் கற்கும்போது கதை மாறுகிறது. பார்சிலோனாவில் 8 வயதில் ஆங்கிலம் தொடங்கியவர்களையும் 11 வயதில் தொடங்கியவர்களையும் ஒப்பிட்டார்கள். ஒரே அளவு மணி நேரம் படித்த பிறகு பார்த்தால், பிந்தித் தொடங்கியவர்களே முன்னே நின்றார்கள்.

உங்கள் கணவர் கேட்டதாக எழுதிய கேள்விதான் இருப்பதிலேயே கூர்மையானது. வேற்று மொழியில் படித்தும் நன்றாக வந்த குழந்தைகள் இல்லையா? இருக்கிறார்கள். மாண்ட்ரியலை ஒட்டிய செயின்ட் லாம்பர்ட்டில் 1965-ல், ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகளை மழலை வகுப்பிலிருந்தே பிரெஞ்சில் படிக்கவைத்தார்கள். பிரெஞ்சும் வந்தது, ஆங்கிலமும் கெடவில்லை. ஆனால் அங்கே என்னென்ன இருந்தது என்று பாருங்கள். ஆசிரியைக்கு இரண்டு மொழியும் தெரியும். குழந்தை ஆங்கிலத்தில் பேசினால் தண்டனை இல்லை. இரண்டாம் வகுப்பில் ஆங்கிலப் பாடமும் வந்துவிட்டது. வீட்டு மொழி எங்கும் மதிப்பிழந்து நிற்கவில்லை. 'தமிழில் பேசினால் அபராதம்' என்கிற பள்ளியை அதோடு ஒப்பிட முடியுமா?

எதிர்ப்பக்கத்தில் நைஜீரியா. இஃபே பல்கலைக்கழகம் 1970-ல் தொடங்கிய திட்டத்தில், ஆறு வருடமும் எல்லாப் பாடமும் பிள்ளைகளின் தாய்மொழியான யொரூபாவில். ஆங்கிலத்தை ஒரு பாடமாக, அதற்கென்றே பயிற்சி பெற்ற ஆசிரியர் நடத்தினார். நாலாம் வருடம் ஆங்கில வழிக்கு மாறிய மற்றப் பிள்ளைகளைவிட இவர்கள் பாடங்களில் பின்தங்கவில்லை. ஆங்கிலத்திலும்தான். 'தாய்மொழி வழி' என்பதை நாம் பாதி கேட்டுவிட்டுப் பயப்படுகிறோம். நல்ல ஆங்கில ஆசிரியர் என்பது அதன் மறுபாதி.

அதனால்தான், எந்தத் தாய்மொழிப் பள்ளியானாலும் சேர்த்துவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆங்கிலப் பாடத்தையும் தமிழிலேயே நடத்தி, கேள்வி பதிலை உருப்போட வைக்கிற பள்ளி இருக்கிறது. பன்னிரண்டு வருடம் கழித்து என் முன்னால் வந்து, 'ஒரு வரிகூட எழுத வராது சார்' என்று அழுத பிள்ளைகள் அங்கிருந்தும் வந்தவர்கள்தான்.

பள்ளிக்குப் போய் இரண்டு கேள்வி கேளுங்கள். ஆங்கிலத்தை யார் நடத்துகிறார், அவர் பிள்ளைகளைப் பேசவைக்கிறாரா? பின்னால் ஆங்கில வழிக்கு மாறுகிற பிள்ளைகளுக்கு அந்த வருடம் என்ன ஏற்பாடு? ஒரே நாளில் எல்லாப் பாடமும் மாறினால் நன்றாகப் படிக்கிற பிள்ளையும் தடுக்கி விழும், இரண்டு மொழிக் கலைச்சொற்களையும் முந்தைய வருடமே அறிமுகப்படுத்தினால் தப்பிக்கும். முடிந்தால் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றிடம், அது பார்த்திராத கதையைக் கொடுத்துப் படிக்கச் சொல்லி, கதை என்ன என்று கேளுங்கள். பள்ளியின் விளம்பரப் பலகையைவிட அந்தப் பிள்ளை உங்களுக்கு நிறையச் சொல்லும்.

சுற்றுவட்டாரத்தில் உருப்படியாக இருப்பது ஆங்கில வழிப் பள்ளி மட்டும்தான் என்றால் தயங்காமல் அதில் சேர்த்துவிடுங்கள். அப்போது வீட்டுக்கு வேலை கூடும். தமிழ் படிக்க நீங்களே கற்றுக்கொடுங்கள். தினமும் ஒரு கதை வாசியுங்கள். 'இன்னைக்கு மிஸ் என்ன சொன்னாங்க' என்று கேட்டு, பாடத்தைத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். அவள் திணறுகிற இடம்தான் வகுப்பில் புரியாமல் போன இடம். 'வீட்லயும் இங்கிலீஷ்லயே பேசுங்க' என்று பள்ளியில் சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். உங்களுக்குச் சரளமாக வராத மொழியில் பேசினால் மகளோடு உங்கள் பேச்சு 'ஈட்', 'ஸ்லீப்', 'டோன்ட்' என்று சுருங்கிப்போகும்.

தமிழ் வழி, ஆங்கில வழி என்று இரண்டு பள்ளியையும் பார்த்துவிட்டு எழுதுங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அரை மணி நேரம் வகுப்பில் உட்கார விட்டால், எந்தப் பள்ளியில் அவள் தானாக வாய் திறந்து ஒரு கேள்வி கேட்டாள் என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.