ரவுண்ட் ஐலண்டுக்கு டூரிஸ்ட்டை ஏன் விடமாட்டேங்கிறாங்க, அங்க என்னதான் இருக்கு?

நம்ம மொரிஷியஸுக்கு வடக்கே சுமார் 22 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற எரிமலைத் தீவுங்க அது, உச்சி 280 மீட்டர், ஒழுங்கான துறை கிடையாது, அலை பாத்து படகுல இருந்து பாறைக்குத் தாவணும். ஆனா விடாததுக்கு முக்கியக் காரணம், வர்றவங்க படகு, மூட்டையோட எலியும் வந்து இறங்கிடுமோங்கிற பயம்தான். இங்க கப்பல்ல வந்த எலி, பூனையெல்லாம் பல்லி, பாம்புன்னு நிறைய அழிச்சிடுச்சு, அங்க மட்டும் எலி கால் வைக்கல. அதனாலதான் ரவுண்ட் ஐலண்ட் போவா பாம்பு தப்பிச்சுது. அதோட மேல்தாடை எலும்பு ரெண்டா பிரிஞ்சு மூட்டு மாதிரி மடங்கும், வழுக்குற அரணையைக் கெட்டியா கவ்வுறதுக்கு வசதி. இதே தாடை இருந்த அதோட பங்காளிப் பாம்பை 1975க்கு அப்புறம் யாருமே பாக்கல, அதை நினைச்சா மனசு கேக்கல.

19ஆம் நூற்றாண்டுல யாரோ விட்ட ஆடும் முயலும் செடியெல்லாம் மேய்ஞ்சு மண்ணே மழையில அடிச்சிட்டுப் போச்சு. 1979ல ஆட்டையும் 1986ல முயலையும் ஒழிச்ச பிறகுதான் பனை வகையெல்லாம் மறுபடி தலையெடுத்துச்சு. நம்ம பழைய ஆமை இனம் அழிஞ்சிட்டதால, களையை மேயவும் விதை பரப்பவும் 2007ல இருந்து சேஷெல்ஸ் பக்கத்து அல்டாப்ரா தீவோட ராட்சத ஆமைகளைக் கொண்டுபோய் விட்டிருக்காங்க, அதுங்க வேலையை நல்லாவே செய்யுது. போகணும்னு ஆசைப்படாதீங்க, தெளிவான நாள்ல வடக்குக் கரையில நின்னு பாத்தாலே தெரியும்.