வாசகர் கேள்வி: நகரத்துக்குள் வரும் காட்டு விலங்குகள் மாறுகின்றனவா, சகித்துக்கொள்கின்றனவா?

கேள்வி: காட்டு விலங்குகள் நகர வாழ்க்கைக்குப் பழகிவிட்டன என்கிறார்கள். உண்மையிலேயே அவை மாறுகின்றனவா, இல்லை வேறு போக்கிடம் இல்லாமல் சகித்துக்கொண்டு கிடக்கின்றனவா?

பதில்: இரண்டும் நடக்கிறது. பெரும்பாலானவை முதலில் மாற்றிக்கொள்வது நேரத்தைத்தான். 62 வகைப் பாலூட்டிகளைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி 2018இல் வெளியான கட்டுரை ஒன்று, மனிதத் தொந்தரவு கூடிய இடங்களில் அவற்றின் இரவு நடமாட்டம் சராசரியாக 1.36 மடங்காகிவிட்டது என்கிறது. மும்பையில் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவை ஒட்டிய குடியிருப்புகளுக்குள் சிறுத்தை இரவில் வரும், தெருநாயைப் பிடிக்கும், போய்விடும். தூங்குகிறவர்களில் பலருக்கு அது வந்ததே தெரியாது.

அப்புறம், ஒன்றைப் பார்த்து ஒன்று கற்றுக்கொள்வது. எனக்கு மிகவும் பிடித்தது சிட்னியின் மஞ்சள் கொண்டை காக்கட்டூ கிளிதான். குப்பைத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து மூடியை அலகால் நெம்பித் தூக்கும், அதை விடாமல் பிடித்தபடியே விளிம்பிலேயே பக்கவாட்டில் நடந்து போய்ப் பின்பக்கம் கவிழ்த்துவிடும். 2018க்கு முன் 3 புறநகர்களில் மட்டும் தெரிந்திருந்த இந்த வித்தை, 2019 முடிவதற்குள் 44 இடங்களுக்குப் போய்விட்டது, அதுவும் அக்கம்பக்கத்து ஊர்களுக்கு முதலில். மக்கள் மூடிமேல் செங்கல் வைத்தார்கள். சில கிளிகள் அதையும் தள்ளிவிட்டன!

உடம்பே மாறுவதும் உண்டு. புவேர்ட்டோ ரிக்கோவின் நகரங்களில் இருக்கும் அனோல் ஓணான்களுக்குக் காட்டில் இருக்கும் அதே இனத்தைவிடக் கால் நீளம், விரலடியில் ஒட்டிப் பிடிக்கும் செதில்களும் அதிகம். வழவழப்பான சுவரில் ஏற வேண்டுமே. இரண்டு இடத்து ஓணான்களின் குஞ்சுகளையும் ஒரே சூழலில் வளர்த்துப் பார்த்தார்கள், அப்போதும் வித்தியாசம் போகவில்லை, அதாவது இது பரம்பரையாக வருவது.

ஆனால் இதெல்லாம் பிழைத்தவற்றின் கதை. கிடைத்ததைத் தின்னத் தெரியாத, சத்தமும் வெளிச்சமும் தாங்காத உயிர்கள் எத்தனையோ ஓசையில்லாமல் அந்த இடத்தை விட்டே போய்விடுகின்றன, அதுதான் எனக்கு வருத்தம்.

கேள்வி: பாவம் என்று நாமே சாப்பாடு வைத்தால் என்ன?

பதில்: தயவுசெய்து வேண்டாம். கையால் உணவு பெற்ற விலங்குக்கு மனிதர்மேல் இருக்கும் பயம் போய்விடும், பட்டப்பகலில் வாசலுக்கு வரும், யாரையாவது கடிக்கும், பிறகு அதைப் பிடித்துக்கொண்டு போவார்கள் அல்லது கொன்றுவிடுவார்கள். குப்பைத் தொட்டியை இறுக மூடி வையுங்கள், தோட்டத்து விளக்கை இரவில் அணைத்துவிடுங்கள், வழியில் எதிர்ப்பட்டால் அது விலகிப் போக இடம் விட்டு நில்லுங்கள்.