குவைத்தை விழுங்கிய கதை

கேள்வி: ஒரு சர்வாதிகாரி பக்கத்து நாட்டைப் பிடித்துத் தன் நாட்டோடு சேர்த்துக்கொண்டால், அதன் பலனைக் கடைசியில் அனுபவிப்பது யார்? (வாசகர், கும்பகோணம்)

பதில்: குவைத்தை எடுத்துக்கொள்வோம். ஈரானோடு எட்டு வருஷம் சண்டை போட்டுக் கடனில் மூழ்கிக் கிடந்த இராக் அதிபர் சதாம் உசேன், 1990 ஆகஸ்ட் 2 அதிகாலையில் படையை அனுப்பினார். அந்த மாதம் முடிவதற்குள் குவைத் இராக்கின் 19-வது மாகாணம் என்று அறிவிப்பும் வந்துவிட்டது. அப்புறம் விழுந்த அடியெல்லாம் சாதாரண ஆள் தலையில்தான். காரின் நம்பர் பிளேட்டை மாற்றச் சொன்னார்கள். இராக் தினாரைவிடப் பல மடங்கு மதிப்புள்ள குவைத் தினாரை முதலில் ஒன்றுக்கு ஒன்று என்று ஆக்கினார்கள், பிறகு செல்லவே செல்லாது என்றார்கள். வாழ்நாள் சேமிப்பு அதோடு போச்சு. மக்களும் சும்மா இருக்கவில்லை. தேடி வரும் சிப்பாய்க்கு யார் வீடு எது என்று தெரியக்கூடாது என்பதற்காகத் தெருப் பெயர்ப் பலகைகளையும் வாசலில் இருந்த வீட்டு எண்களையும் கழற்றி எறிந்தார்கள். அந்த எண் இல்லாத வாசல்களை நினைத்தால் இப்போதும் மனசு என்னவோ செய்கிறது.

1991 பிப்ரவரியில் அமெரிக்கா தலைமையிலான பன்னாட்டுக் கூட்டுப்படை விரட்டியடித்தபோது, பின்வாங்கிய இராக் படை 600-க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளுக்குத் தீ வைத்துவிட்டுப் போனது. கடைசிக் கிணற்றை அணைக்க நவம்பர் ஆகிவிட்டது.

சரி, விழுங்கிய நாடு நன்றாக இருந்ததா? 2003 வரை பொருளாதாரத் தடை, மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் தவிப்பு. போதாததற்கு, ஐ.நா. விதித்த 5,240 கோடி டாலர் நஷ்டஈட்டை எண்ணெய் விற்ற காசிலிருந்து கட்டி முடிக்க 2022 ஆனது. சதாமை 2006-லேயே தூக்கிலிட்டாகிவிட்டது. 1990-ல் பாக்தாத்தில் பிறந்த குழந்தை முப்பது வயதைத் தாண்டும்வரை, அவர் வைத்த கடன் அந்த நாட்டின் கழுத்தில் தொங்கியது. இது அநியாயம் என்றுதான் சொல்வேன்.

கேள்வி: அதனால் நமக்கு என்ன வந்தது? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: நிறைய வந்தது. குவைத்திலும் இராக்கிலும் சிக்கிய ஏறக்குறைய 1,70,000 இந்தியர்கள் ஜோர்டானின் அம்மான் வழியாக விமானத்தில் ஊர் திரும்பினார்கள். பலர் கையில் ஒரு பெட்டியோடு. அவர்கள் அனுப்பிவந்த பணம் நின்றது. கச்சா எண்ணெய் விலை சில மாதங்களிலேயே இரண்டு மடங்கானது. ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்த நம் அந்நியச் செலாவணிக் கையிருப்புக்கு அது பேரிடி. 1991-ல் ரிசர்வ் வங்கியின் தங்கத்தை டன் கணக்கில் விமானத்தில் ஏற்றி வெளிநாட்டுக்கு அடகு வைக்க அனுப்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.