கவுன்சில் வீட்டை மாற்றிக்கொள்ள எதிர்த்தரப்பு பணம் கேட்கிறது. கொடுக்கலாமா?

கேள்வி: லண்டனில் இரண்டு படுக்கையறைக் கவுன்சில் வீட்டில் (உள்ளாட்சி மன்றம் வாடகைக்குத் தரும் வீடு) இருக்கிறோம். இணையத்தில் அறிமுகமான ஒருவர் தன்னுடைய மூன்று அறைக் கவுன்சில் வீட்டை எங்களுடன் மாற்றிக்கொள்ளச் சம்மதிக்கிறார். ஆனால் தனியாக 3,000 பவுண்டு கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். பேரம் பேசிக் குறைத்தும் கொடுக்காதீர்கள்.

இங்கிலாந்தில் ‘செக்யூர்’ (சட்டப் பாதுகாப்புள்ள) வகை ஒப்பந்தம் உள்ள கவுன்சில் வாடகைதாரர்கள், கவுன்சிலின் எழுத்துபூர்வ அனுமதி பெற்று வீட்டை மாற்றிக்கொள்ள 1985ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம் இடம் தருகிறது. அந்த மாற்றத்துக்காகப் பணம் கைமாறியது தெரிந்தால், வீட்டைத் திருப்பிக் கேட்டுக் கவுன்சில் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. வாங்கியவர் மட்டுமல்ல, கொடுத்த நீங்களும் மாட்டிக்கொள்வீர்கள். வெளியேற்றுவது நியாயம் என்று நீதிபதிக்குத் தோன்ற வேண்டும், உண்மைதான். அதை நம்பியா பிள்ளைகளோடு குடிபோவது?

எனக்கு அதைவிட உறுத்துவது, அவர் அந்த வீட்டில்தான் இருக்கிறாரா என்பது. கவுன்சில் வீட்டை உள்வாடகைக்கு விட்டுவிட்டு வேறிடத்தில் வசிப்பவர்கள் உண்டு. 2013இல் வந்த சட்டப்படி, மோசடி எண்ணத்தோடு அப்படிச் செய்தால் இரண்டு ஆண்டுகள் வரை சிறைகூடக் கிடைக்கலாம். அப்படிப்பட்டவருக்கு வீட்டு மாற்றம், போகிற போக்கில் காசு பார்க்க நல்ல வழி.

ஆகவே ஒரு மாலை நேரில் போய்ப் பாருங்கள். படுக்கையறைக் கதவுகளில் தனித்தனிப் பூட்டுகள் தொங்குகின்றனவா? வாசலில் கிடக்கும் கடிதங்களில் யார் யார் பெயர்? பேச்சுவாக்கில், குப்பை எடுக்க எந்தக் கிழமை வருவார்கள், தண்ணீரை மொத்தமாக அடைக்கும் குழாய் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். குடியிருப்பவர் யோசிக்காமல் சொல்வார். வாடகை ஒப்பந்தத்தையும் அடையாள அட்டையையும் காட்டச் சொல்லுங்கள், உங்களுடையதையும் காட்டுங்கள்.

நாங்கள் வீடு மாறியபோது கவுன்சில் அதிகாரி இரண்டு வீடுகளுக்கும் வந்தார். முகத்தைப் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டார், கட்டில்களை எண்ணினார். என் மனைவிக்குக் கோபம். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது.

“சாவியை இப்போதே மாற்றிக்கொள்வோம், அனுமதி பிறகு வரட்டும்” என்றாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். விண்ணப்பித்த 42 நாட்களுக்குள் கவுன்சில் முடிவைச் சொல்ல வேண்டும். அதுவரை பொறுக்க முடியாதவரோடு உங்களுக்கு என்ன அவசரம்?

பணம் கேட்டு அவர் அனுப்பிய செய்திகளை அழித்துவிடாதீர்கள். அவருடைய வீடு எந்தக் கவுன்சிலுக்குச் சொந்தமோ அங்கே வாடகை மோசடிப் புகார் கொடுங்கள். பொதுவாக உங்கள் பெயரைச் சொல்லாமலேயே கொடுக்கலாம்.